மண்ணெண்ணெயில் ஓடிய கார்களை என்ன செய்யப்போகிறோம்?

1955இல் இங்கிலாந்தில் எம்.ஜி.ஏ எண்டொரு ஸ்போர்ட்ஸ் கார் வெளிவந்தது. இரண்டு பேர் இருக்கலாம், கூரையைக் கழற்றலாம். பழைய கார்களில் பைத்தியமாய் இருக்கிற ஆக்கள் இண்டைக்கும் உலகம் முழுக்கத் தேடி வாங்கிற வண்டி அது. அதின் பொனற்றைத் திறந்தால் உள்ளே 1489 சி.சி. பி-சீரிஸ் எஞ்சின் இருக்கும். எங்கட அப்பப்பாமாரின் காலத்து ஒஸ்ரின் கேம்பிரிட்ஜிலும் மொரிஸ் ஒக்ஸ்போர்ட்டிலும் இருந்தது அதே எஞ்சின் குடும்பம்தான். மூண்டுமே பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேஷன் எண்ட ஒரே நிறுவனத்தின் தயாரிப்புகள். ஆனால் யாழ்ப்பாணத்துக்கு வந்த எஞ்சினுக்கு அதைச் செய்தவர்கள் கனவிலும் நினைக்காத ஒரு வாழ்க்கை கிடைத்தது.

ஏன் இந்தப் பழைய கார்கள் எங்கட பக்கம் இவ்வளவு காலம் நிண்டுபிடித்தன? முதல் காரணம் முழு நாட்டுக்கும் பொதுவானது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி தட்டுப்பட, கார் இறக்குமதியை அரசாங்கம் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரைக்கும் பெரும்பாலும் இதுதான் நிலைமை. இருக்கிற காரைத் திருத்தித் திருத்தி ஓடுறதை விட வேற வழி இருக்கவில்லை. இந்தியாவில் மொரிஸ் ஒக்ஸ்போர்ட்டை அடியொற்றி வந்த அம்பாசிடர் 2014 வரை உற்பத்தியானதால் சில பாகங்களுக்காவது ஒரு வழி இருந்தது.

இரண்டாவது காரணம் எங்களுக்கு மட்டும் உரியது. 1990 ஜூனில் போர் திரும்பத் தொடங்கியதும் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், பற்றரி, வாகன உதிரிப்பாகம், சீமெந்து எல்லாம் தடைப்பட்ட பொருட்கள். மின்சாரமும் இல்லை. மண்ணெண்ணெய் மட்டும் மட்டான அளவில், யானை விலையில் கிடைத்தது. அதில்தான் மோட்டார் சைக்கிளும் காரும் ஓடின.

இது எப்படிச் சாத்தியமானது எண்டு கொஞ்சம் பார்ப்போம். மண்ணெண்ணெய் பெற்றோல் போல லேசில் ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினில் அதை ஊற்றினால் ஸ்டார்ட் வராது. அதனால் ஒரு சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்த பெற்றோலில் கொஞ்சம் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறினபிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துவார்கள். மற்றப் பிரச்சினை, மண்ணெண்ணெய் கூடின அழுத்தத்தைத் தாங்காது, எஞ்சின் தட்டத் தொடங்கும். ஒஸ்ரின் ஏ40 சோமசெட்டின் அமுக்க விகிதம் 7.2க்கு 1. இப்ப வாற பெற்றோல் கார்களில் அது பெரும்பாலும் 10க்கு மேல். அந்தக் காலத்து எஞ்சினின் 'பலவீனம்' அந்த நேரத்தில் பலமாகிப் போனது.

சும்மா வந்த வித்தை இல்லை இது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும். பிளக்குகளில் கரி பிடிக்கும். பெயாரிங்குகள் தேயும். எப்ப ஒயில் மாத்திறது, பிளக்கை எத்தனை தரம் கழற்றித் துடைக்கிறது, கிடைக்காத பாகத்துக்குப் பதிலாய் லேத்தில் எதைக் கடைந்து போடுறது எண்டு ஒவ்வொரு கராஜும் தன் பாட்டில் கண்டுபிடித்தது. பிரிட்டனில் பேர்குசன் உழவு இயந்திரங்கள் பெற்றோலில் ஸ்டார்ட்டாகி மண்ணெண்ணெய் மாதிரியான ஒரு எரிபொருளில் ஓடின. அங்கே அதைப் பொறியியலாளர்கள் திட்டமிட்டு வடிவமைத்தார்கள். இங்கே செய்தது, குண்டுவீச்சுக்கு நடுவில, கையில் வரைபடம் இல்லாத மெக்கானிக்குகள்.

அதே காலத்தில் நாட்டின் தெற்கில் இன்னொரு கதை நடந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் கார்களைத் திருத்திக் கொடுத்த சார்ள்ஸ் வெயர், பழைய காரை எறியாமல் நெடுங்காலம் பாவிக்கலாம் எண்டு வாதாடியவர். அவருடைய முயற்சியோடு 1990களில் இலங்கையில் மொரிஸ் மைனர் பாகங்கள் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கே போயின. ஒரே தீவு. தெற்கில் உதிரிப்பாகம் ஏற்றுமதி, வடக்கில் உதிரிப்பாகம் தடைப்பட்ட பொருள். தெற்கின் கதைக்கு ஆவணம் இருக்கு. எங்கட கதைக்கு வயசான சில மெக்கானிக்குகளின் ஞாபகம்தான் இருக்கு.

இப்ப நிலைமை மாறிவிட்டது. பழைய கார் 'கிளாசிக்' ஆகிவிட்டது. கல்யாணத்துக்கு அலங்கரிக்க, சேகரிக்க எண்டு தேடி வாங்குகிறார்கள். வாங்கினதும் முதல் வேலை, காரை 'ஒரிஜினல்' ஆக்கிறது. லேத்தில் கடைந்த துண்டு, வேற வாகனத்திலிருந்து பொருத்தின காபரேற்றர், மண்ணெண்ணெய்க்கெண்டு போட்ட குழாய் எல்லாம் கழற்றி இரும்புக்கடைக்குப் போகுது. 1955இல் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் இருந்தமாதிரி கார் பளபளக்கும். அதுக்குப் பிறகு நடந்த வரலாறு முழுக்க அழிந்துபோகும். ஒரு ஓலைச்சுவடியில் பின்னால் வந்தவர்கள் எழுதின குறிப்புகளைச் சுரண்டி எறிந்தால் எங்களுக்கு எப்படி இருக்கும்? இதுவும் அப்பிடித்தான்.

இலக்கத்தகடே ஒரு ஆவணம். ஈ.என், ஈ.எல் மாதிரி ஆங்கில எழுத்து இருந்தால் அந்தப் பதிவு 1957க்கு முந்தினது. 1957 ஜனவரியிலிருந்து சிங்கள ஸ்ரீ வந்தது. அதை எதிர்த்துத் தமிழரசுக் கட்சியினர் தமிழ் ஸ்ரீ எழுதிய தகடுகளோடு வாகனம் ஓட்டினார்கள். 1958இல் சிங்கள ஸ்ரீ போட்ட பஸ்கள் வடக்குக்கு வந்தபோது அந்தப் போராட்டம் மீண்டும் மூண்டது. அந்த ஏப்ரலிலேயே பண்டா-செல்வா ஒப்பந்தம் கிழிக்கப்பட்டது.

பழைய கார் வாங்க ஆசைப்படுகிற நண்பர்களுக்கு நான் சொல்லுறது இதுதான். வழமையாய்ப் பார்க்க வேண்டியதைப் பாருங்கோ: புத்தகத்தில் உள்ள சேசிஸ் இலக்கமும் வண்டியில் உள்ளதும் ஒண்டா, அடித்தட்டில் கறள் எவ்வளவு. மொரிஸ் மைனர் எண்டால் முன் சில்லுகளின் கீழ் மூட்டுக்கு ஒழுங்காய் கிறீஸ் அடிக்கப்பட்டிருக்கா எண்டும் பாருங்கோ, இல்லாட்டி ஓடுற நேரத்தில் சில்லு மடிந்து போகும். பிரேக், ஸ்டியரிங் மாதிரி உயிர் சம்பந்தப்பட்ட இடங்களில் யோசிக்காமல் புதுசு போடுங்கோ.

ஆனால் எதையும் கழற்ற முதல் ஒரு படம் எடுங்கோ. கழற்றினதை ஒரு பெட்டியில் போட்டு, எங்கிருந்து எடுத்தது எண்டு எழுதி வையுங்கோ. காரை விற்றவரிட்ட விலையை மட்டும் பேசாமல், 90களில் அதை யார் திருத்தினது எண்டும் கேளுங்கோ. அந்த மெக்கானிக் உயிரோட இருந்தால் அந்தப் பெட்டியையும் கொண்டு அவரிட்டப் போங்கோ. ஒவ்வொரு துண்டையும் ஏன் அப்பிடிச் செய்தது எண்டு அவருக்குத்தான் தெரியும். போனில் ரெக்கோர்ட் பண்ணுங்கோ. அவருக்கு இப்ப எழுபது வயசாவது இருக்கும்.