வடியும் மின்கலமும் இடம்மாறும் பழியும்: சிவாஜிநகர்ப் பழுதுமேசையிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

கைபேசியின் திரை உடைந்தால் அது கண்ணுக்குத் தெரியும். பேட்டரி விரைவாக வடிந்தால், வடிந்த மின்னூட்டம் எங்கே சென்றது என்பது எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. அதனாலேயே இக்குறைக்கான காரணம் காலந்தோறும் மாறிமாறிச் சொல்லப்பட்டு வந்துள்ளது. முதலில் பயனரின் பழக்கம் குற்றஞ்சாட்டப்பட்டது, அடுத்து மின்கலம், பிறகு செயலி, இறுதியாக உற்பத்தி நிறுவனத்தின் முடிவுகள். பழி இவ்வாறு இடம்பெயர்ந்த வரலாறு, பழுதுநீக்குவோரின் அறிவுக்குச் சமூகம் என்ன மதிப்பளித்தது என்பதன் வரலாறாகவும் இருக்கிறது.

இதை வாசிக்கப் பெங்களூரின் சிவாஜிநகர் ஏற்ற இடம். 1809இல் பிரித்தானியர் நிறுவிய கண்டோன்மென்ட், மக்கள் வழக்கில் ‘தண்டு’ எனப்பட்டது. இன்றைய தண்டு மாரியம்மன் கோயிலின் பெயரில் அச்சொல் நிலைத்திருக்கிறது. படையைத் தொடர்ந்து வந்த தமிழ் வணிகர், கைவினைஞர், பணியாளர் குடியேறிய பிளாக்பள்ளியே பின்னர் சிவாஜிநகராயிற்று. 1927இல் எழுந்த ரசல் மார்க்கெட்டும், பழைய வாகன உதிரிபாகங்களுக்குப் பேர்பெற்ற குஜிரியும் இப்பகுதியின் அடையாளங்கள். பழையதைப் பிரித்து, பயன்படும் உறுப்பை மீட்டு, மீண்டும் புழக்கத்தில் விடும் பொருளாதாரம் இங்குக் கைபேசிக்கு முன்பே வேரூன்றியிருந்தது. இன்றைய கைபேசிப் பழுதுமேசைகள் அந்த மரபின் நீட்சியே.

இந்தியாவின் முதல் கைபேசி உரையாடல் 1995 ஜூலை 31 அன்று, மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசுவுக்கும் மத்திய அமைச்சர் சுக்ராமுக்கும் இடையே நிகழ்ந்தது. அக்காலக் கருவிகள் பலவற்றில் இருந்தவை நிக்கல் மின்கலங்கள். அரைகுறையாக வடிந்த நிலையிலேயே திரும்பத்திரும்ப மின்னேற்றினால் நிக்கல்–காட்மியம் மின்கலத்தின் திறன் குறைவதுண்டு. எனவே ‘முழுதும் வடியவிட்டுப் பிறகு சார்ஜ் போடுக’ என்ற அறிவுரை அன்று பொருளுடையதாக இருந்தது.

வேதியியல் விரைவில் மாறிவிட்டது. விட்டிங்ஹாம் 1970களில் தொடங்கிய பணியை, 1980இல் குடெனஃபின் கோபால்ட் ஆக்சைடு மின்வாயும் 1985இல் யோஷினோவின் முன்மாதிரியும் முன்னெடுத்தன. 1991இல் சோனி லித்தியம்–அயனி மின்கலத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தது. மூவரும் 2019இல் நோபல் பரிசைப் பகிர்ந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் குடெனஃபின் நோபல் உரையை அவர் சார்பில் நிகழ்த்தியவர், தமிழகத்தின் அமரபுரத்தில் பிறந்து சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. லித்தியம் மின்கலத்துக்கு நிக்கலின் ‘நினைவு’ இல்லை. அடிக்கடி முழுதும் வடியவிடுவது அதன் ஆயுளைக் குறைக்கவே செய்யும். ஆயினும் பழைய அறிவுரை மறையவில்லை. ஒரு வேதியியலுக்குப் பிறந்த விதி, அவ்வேதியியல் வழக்கொழிந்த பின்னும் மக்கள் வாயில் வாழ்ந்தது. பழி பயனர் தலையிலேயே தங்கியது.

2007 ஆகஸ்டில் பழி மின்கலத்துக்கு மாறியது. மத்சுஷிதா நிறுவனம் 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை தயாரித்த 4.6 கோடி பிஎல்–5சி பேட்டரிகள் மின்னேற்றும்போது மிகையாகச் சூடாகக்கூடும் என நோக்கியா அறிவித்தது. பின்மூடியைக் கழற்றி, பேட்டரியின் பின்புறம் அச்சிடப்பட்ட 26 எழுத்தெண்களை நிறுவனத்தின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறு பயனர் கேட்டுக்கொள்ளப்பட்டனர். கவனிக்கத்தக்கது ஒன்று: அன்று பின்மூடியை நகத்தால் திறக்க முடிந்தது. ஐயத்துக்குரிய உறுப்பை எவரும் கையில் எடுத்துப் பார்க்க முடிந்தது.

திறன்பேசிக் காலத்தில் குற்றவாளி கண்ணுக்கு மறைந்தான். 2012இல் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கருவியை உறங்கவிடாமல் விழித்திருக்கச் செய்யும் மென்பொருட் பிழைகளை வகைப்படுத்தினர். அவர்கள் ஆராய்ந்த சில இலவசச் செயலிகளில் ஆற்றலின் பெரும்பங்கு விளம்பரக் கூறுகளுக்கே செலவானது. 2015இல் ஆண்ட்ராய்டு 6.0, அசையாது கிடக்கும் கருவியை ஆழ்துயிலில் ஆழ்த்தும் ஏற்பாட்டைக் கொணர்ந்தது. 2017 டிசம்பரில், மூப்படைந்த பேட்டரியுள்ள ஐபோன்கள் திடீரென அணைவதைத் தவிர்க்க அவற்றின் வேகத்தை மென்பொருள்வழி குறைத்ததை ஆப்பிள் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. அதுவரை, பேட்டரியை மாற்றினால் தீரக்கூடிய மந்தத்தைக் கருவியின் முதுமை என்றே பலர் எண்ண நேர்ந்தது. நோயறிதலுக்குத் தேவையான தகவல் ஒரு தரப்பிடம் மட்டுமே இருந்தது.

இந்த இருளில் பழுதுமேசை செய்வது என்ன? நீக்கல் முறையில் அமைந்த ஆய்வு. பேட்டரியைக் கழற்றிவிட்டு, டிசி பவர் சப்ளையிலிருந்து மின்பலகைக்கு நேரடியாக மின்சாரம் தரப்படும். அணைந்த கருவி ஏறத்தாழ எதையும் இழுக்கக் கூடாது. பத்து இருபது மில்லியாம்பியர் ஓடினாலும் கசிவு பலகையில் இருக்கிறது. கசியும் கெப்பாசிட்டர் சூடாகும். பலகைமேல் ரோசின் புகையை வெண்படலமாகப் படியவிட்டால், சூடான இடத்தில் அப்படலம் முதலில் உருகி இடத்தைக் காட்டிக்கொடுக்கும். கசிவு இல்லையெனில் ஐயம் பேட்டரியின் மூப்பின்மேல் விழும். அதுவும் இல்லையெனில் செயலிகள்மேல். அதற்கும் அப்பால், கருவி புழங்கும் இடத்தின்மேல். சமிக்ஞை மெலிந்த அடித்தளக் கடையில் நாள்முழுதும் கிடக்கும் கைபேசி, கோபுரத்தை எட்டக் கூடுதல் ஆற்றலோடு ஒலிபரப்புகிறது. அங்கே பழுது கருவியில் இல்லை, கட்டடத்தில் இருக்கிறது.

கருதுகோள், அளவீடு, நீக்கல், முடிவு என்ற இவ்வரிசையைப் பல்கலைக்கழகம் அறிவியல் முறை என்கிறது. தெரு ‘கைப்பழக்கம்’ என்கிறது. பெயரில் உள்ள இவ்வேறுபாடு கொள்கையிலும் எதிரொலிக்கிறது. 2022 ஜூலையில் இந்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமைக்கான குழுவை அமைத்தது. கைபேசியும் அதன் வரம்புக்குள் வந்தது. 2022 டிசம்பர் 24 அன்று அதற்கான இணையவாயில் திறக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியமோ 2023இன் ஒழுங்குமுறைவழி, 2027 பிப்ரவரி முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றத்தக்கதாக அமைக்க வேண்டுமெனச் சட்டமாக்கியுள்ளது. 2007இல் இயல்பாக இருந்த ஒன்றை இருபதாண்டு கழித்துச் சட்டத்தால் மீட்க வேண்டியிருக்கிறது.

பேட்டரியின் வரலாறு ஆய்வகங்களிலும் காப்புரிமைகளிலும் பதிவாகியுள்ளது. வடிதலின் வரலாறு பெரும்பாலும் மேசைகளில் நிகழ்ந்து, வாய்மொழியாகவே கைமாறுகிறது. பசையிட்டு மூடிய கருவிகளும், வேறிடத்தில் மாற்றிய பேட்டரியை ஏற்க மறுக்கும் மென்பொருளும் பெருகும்போது மேசைகள் குறையும். அவற்றோடு அவ்வறிவும் குறையும். நகர வரலாற்றையும் தொழில்நுட்ப வரலாற்றையும் பயிலும் மாணவர்கள் சிவாஜிநகரின் சந்துகளைக் களமாகக் கொள்ள இன்னும் காலம் இருக்கிறது. வேதியியல் மாறியபின்னும் அறிவுரை வாழ்ந்ததற்குச் சான்று உண்டு. மேசை அகன்றபின்னும் அதன் அறிவு வாழும் என்பதற்கு அத்தகைய சான்று எதுவும் இல்லை.