கேள்விக்கு எந்த ‘ள’? விடை உங்க வீட்டுப் பேச்சிலேயே இருக்கு!

மூணாம் வகுப்புக் குழந்தையோட தமிழ் நோட்டைத் திறந்து பாருங்க. ‘கேல்வி’, ‘வன்டி’, ‘மானிலம்’... சுத்தி சிவப்பு மை. கீழே ‘10 முறை எழுதி வா’. பத்து முறையும் எழுதிட்டு, அடுத்த வாரம் டிக்டேஷன்ல திரும்பவும் ‘கேல்வி’ன்னே எழுதும். கை வலிச்சதுதான் மிச்சம்.

‘உச்சரிப்பு சரியா இருந்தா எழுத்து தானா வரும்’னு சொல்வாங்க. பாதிதான் உண்மை. ந, ன ரெண்டும் இன்னைக்கு நம்ம பேச்சுல பெரும்பாலும் ஒரே சத்தம். சென்னைப் பக்கம் ர, ற வித்தியாசம் காதுக்கே எட்டாது. தென்மாவட்டங்கள்ல வாழைப்பழம் பல வீடுகள்ல ‘வாளப்பளம்’தான். வீட்டுல கேட்காத சத்தத்தைக் கேட்டு எழுதச் சொன்னா குழந்தை ஊகிக்கத்தான் செய்யும். நாலு தடவை தப்பானதும், தமிழ் பேசுற வீட்டுல வளர்ற பிள்ளையே ‘எனக்குத் தமிழ் வராது’ன்னு முடிவு கட்டிடுது.

காதை விட்டுட்டு, சொல்லோட சொந்தக்காரங்களைத் தேடச் சொல்லலாம்.

தமிழ்ல ள், ட், ண் ஒரு குடும்பம். ல், ற், ன் இன்னொரு குடும்பம். சொல் வடிவம் மாறும்போது அந்தந்தக் குடும்பத்துக்குள்ளேயேதான் எழுத்து மாறும். முள் - முட்கள். கல் - கற்கள். கடல், கரையோட சேர்ந்தா கடற்கரை. இப்போ ‘கேள்வி’க்கு வாங்க. நேத்து என்ன பண்ணினான்? கேட்டான். ‘ட்’ வந்துடுச்சா? அப்போ ‘ள்’தான். பந்து உருண்டுச்சு, அதனால உருள். ஆண்டான், ஆட்சி, அதனால ஆள். அதே ‘ழ்’ன்னா இப்படி மாறாம அப்படியே நிற்கும்: வாழ், வாழ்ந்தான், வாழ்க்கை.

இதுல அழகே, பேச்சுத் தமிழும் இந்தக் குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கிறதுதான். ‘விற்றான்’ நம்ம வாயில ‘வித்தான்’, ‘நின்றான்’ வந்து ‘நின்னான்’. ல-வா ள-வான்னு தடுமாறும்போது, நேத்து நடந்ததா சொல்லிப் பார்க்கணும். ‘த்த’, ‘ன்ன’ வந்தா ல். ‘ட்ட’, ‘ண்ட’ வந்தா ள். கொன்னான் - கொல், கொண்டான் - கொள். ‘கத்துக்கிட்டேன்’னு சொல்ற பிள்ளைக்கு ‘கல்வி’யோட ‘ல்’ ஏற்கெனவே தெரியும். தெரியும்ங்கிறதுதான் அதுக்குத் தெரியாது.

‘வன்டி’க்கு இன்னும் சுலபம். ண-வோட பழைய பேரு டண்ணகரம், ன-வுக்கு றன்னகரம், ந-வுக்குத் தந்நகரம். யார் பக்கத்துல யார்னு பேர்லயே இருக்கு. தமிழ்ச் சொற்கள்ல ட-வுக்கு முன்னாடி ண் (வண்டி), ற-வுக்கு முன்னாடி ன் (கன்று), த-வுக்கு முன்னாடி ந் (பந்து). நாம என்னமோ ‘மூணு சுழி, ரெண்டு சுழி’ன்னு சொல்லிக்கொடுத்து இந்தத் துப்பைத் தொலைச்சுட்டோம்.

‘மாநிலம்’? பிரிங்க: மா + நிலம். தமிழ்ச் சொல் ன-வுல ஆரம்பிக்காது, ந-வுலதான். ‘அநீதி’யும் அப்படித்தான், அ + நீதி. ‘அப்போ வானிலைக்கு ஏன் ன?’ன்னு பிள்ளை மடக்கினா சந்தோஷப்படுங்க. வான் + நிலை. முன்னாடி இருக்கிற ‘ன்’, பின்னாடி வர்ற ‘நி’யை ‘னி’யா மாத்திடுச்சு.

இங்கிலீஷுக்கும் இந்த வழி ஓடும். ‘சைன்’ல சத்தமில்லாத ‘ஜி’ எதுக்கு? ‘சிக்னல்’, ‘சிக்னேச்சர்’ல அதே ‘ஜி’ வாயைத் திறக்குது. ‘டூ’வுல உட்கார்ந்திருக்கிற ‘டபிள்யூ’வை ‘ட்வின்’, ‘ட்வென்டி’ல கேட்கலாம்.

எல்லாச் சொல்லும் இப்படிப் பிரியாது. ‘பள்ளி’யையும் ‘பல்லி’யையும் எந்தக் குடும்பத்தை வெச்சும் கண்டுபிடிக்க முடியாது. ‘மரம்’, ‘மறம்’ மாதிரி ஜோடிகளும் அப்படித்தான். அதையெல்லாம் பொருளோட சேர்த்து மனசுல பதிய வைக்கணும். ‘பல்லி பள்ளிக்குள்ள ஓடிச்சு’ன்னு பிள்ளையையே ஒரு வரி எழுதி, பக்கத்துல படமும் வரையச் சொல்லலாம். இம்போசிஷனைவிட அந்தப் பல்லி ரொம்ப நாள் ஞாபகத்துல ஓடும்.