வடித்த காதும் தைத்த காதும்

காதுமடலை அறுவையால் திருத்துதல் இக்காலப் புதுமையன்று. துளையிட்டுப் பெருக்கிய மடல் அறுந்தவழி அதனைப் பொருத்தும் 15 முறைகளைச் சுசுருத சங்கிதை வகுத்துரைக்கின்றது. ஆண்டுக் கருதப்பட்டது சிதைந்த உறுப்பை மீட்டலே. பிற்காலத்து நோக்கம் வேறாயிற்று. 1881-இல் நியூயார்க்கு நகரில் எலி என்னும் மருத்துவர், பள்ளித் தோழர்தம் எள்ளலுக்கு ஆளான 12 அகவைச் சிறுவனின் துருத்திய காதுகளைத் திருத்தினார். அக்காதுகளில் நோயில்லை, எள்ளலே அறுவைக்குக் காரணமாயிற்று.

தமிழகத்தின் தென்பகுதியிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. பாம்படம் அணிதற்பொருட்டு விரும்பி வடித்து வளர்த்த காதுகளை, இருபதாம் நூற்றாண்டில் பெண்டிர் பலர் அறுத்துத் தைத்துக்கொண்டனர். தாயர்க்கு அழகெனப்பட்டது மகளிர்க்கு நாணமாயிற்று.

ஆதலின் காதைத் திருத்தக் கருதுவோர், அவ்விருப்பம் தம்முடையதா, தம் காலத்தினுடையதா என முதற்கண் ஆராய்தல் வேண்டும். காலத்தின் கருத்து மீண்டும் மாறலாம். அறுத்த மடலோ பண்டுபோல் ஆகாது.