கம்பெனி மூடிடுச்சு, லேப் மூடல: சார்லஸ் சூரியின் கதை

காலேஜ் கிராஃபிக்ஸ் லேப் ஞாபகம் இருக்கா? டர்போ சி-ல ஒரு கோடு, ஒரு வட்டம், கடைசியா இடமிருந்து வலமா நகரும் ஒரு கார். ரெக்கார்ட் நோட்டுல எழுதி, மார்க் வாங்கி, நான் அதோட மறந்துட்டேன். இதே கோடுகளை வெச்சு 1967-லயே ஒருத்தர் ஒரு பறவையைப் பறக்கவிட்டார்னு அப்போ யாராவது சொல்லியிருந்தா, அந்த லேபை வேற மாதிரி பார்த்திருப்பேன்.

அவர் பேர் சார்லஸ் சூரி. 1922-ல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், ஒரு நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் வீரர். 1942-ல் அந்த அணி தேசிய சாம்பியன். அடுத்து இரண்டாம் உலகப் போர். திரும்பி வந்து அதே பல்கலைக்கழகத்தில் ஓவியப் பேராசிரியர் ஆனார். கவனிங்க, இன்ஜினியர் இல்ல, ஓவியர்!

1964-ல் கம்ப்யூட்டரை வைத்து வரைந்து பார்க்க ஆரம்பிக்கிறார். அப்போ மௌஸ் வெச்சு வரையுற வசதியெல்லாம் அவர் கையில் இல்லை; பஞ்ச் கார்டு காலம். ஜேம்ஸ் ஷாஃபர் என்ற புரோகிராமருடன் சேர்ந்து 1967-ல் ‘ஹம்மிங்பேர்ட்’ என்ற குறும்படத்தை எடுத்தார். கோடுகளால் ஆன ஒரு பறவை சிதறும், மறுபடி ஒன்றுசேரும். அதுக்காக கம்ப்யூட்டர் உருவாக்கிய படங்கள் 30,000-க்கும் மேல். 1968-ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அதைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

அவர் அதோட நிக்கல. 1971-ல் பல்கலைக்கழகத்திலேயே கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். கலை மாணவரும் புரோகிராமரும் ஒரே ரூமில். அங்கே படித்த டாம் டிஃபான்டி ‘கிராஸ்’ என்ற அனிமேஷன் மொழியை எழுதினார். 1977-ல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ல, தாக்குதலுக்கு முன்னாடி பைலட்டுகளுக்கு டெத் ஸ்டாரைத் திரையில் காட்டி விளக்குவாங்களே, லாரி க்யூபா அதைச் செய்தது அந்த மொழியில்தான். அங்கே படித்த இன்னொருவர் கிறிஸ் வெட்ஜ். பின்னாளில் ‘ஐஸ் ஏஜ்’ இயக்குநர்.

1981-ல் சூரி தயாரிப்பாளரும் ஆனார். கிரான்ஸ்டன்/சூரி புரொடக்‌ஷன்ஸ். டிவி சேனல் லோகோக்கள், விளம்பரங்கள்னு வேலை குவிந்தது. ஆனா 1987-ல் கம்பெனி மூடப்பட்டது. விலை உயர்ந்த மெஷின்களை நம்பி ஓடிய துறை அது. அதே வருஷம் ஆம்னிபஸ் என்ற பெரிய நிறுவனமும் விழுந்தது.

ஸ்டார்ட்அப்ல வேலை பார்க்கிற எனக்கு இந்த இடம் கொஞ்சம் வலிச்சது. ஆறு வருஷ உழைப்பு! ஆனா அதே 1987-ல், அந்த ஆய்வுக் குழு பெரிதாகி, ‘அக்காட்’ என்ற ஆய்வு மையமாக மாறியது. இன்னைக்கும் அங்கே வகுப்பு நடக்குது. சூரி 2022-ல், 99 வயதில் காலமானார்.

எக்ஸிட், வேல்யுவேஷன்னு கணக்குப் போட்டா அவர் தோத்தவர். அவர்கிட்ட படிச்சவங்க செஞ்சதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க. உங்களுக்கு அப்படி லேபைத் திறந்துவிட்ட வாத்தியார் யாராவது இருந்தா, இன்னைக்கு ஒரு போன் போட்டுப் பேசுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!