நாற்பதுக்கு மேல் வாத்தியார் ஆனவர்கள்

ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் இப்போது தெருவுக்குத் தெரு ஜிம் வந்துவிட்டது. அங்கே பயிற்சி கொடுப்பவர்களில் சிலர் நாற்பதைத் தாண்டியவர்கள். கம்பெனியில் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வந்தவர்களும் உண்டு, கம்பெனியே மூடிப்போய் வந்தவர்களும் உண்டு. "இந்த வயசுல இது என்ன வேலை?" என்று நம் வயதுக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். மற்ற ஊர்க்காரர் கேட்கலாம், வடசென்னைக்காரர் கேட்கக்கூடாத கேள்வி இது.

நம் குத்துச்சண்டைப் பரம்பரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று பிரிந்து நின்றவை. வெள்ளைக்காரச் சிப்பாய்களும் ஆங்கிலோ இந்தியர்களும் கையுறை மாட்டி ஆடியதைப் பார்த்து நம் ஆட்கள் பிடித்துக்கொண்ட கலை. ஆடியவர்கள் யார்? ஹார்பரில் மூட்டை தூக்கியவர்கள், மீன்பிடித்தவர்கள், மில்லுக்குப் போனவர்கள். பகலெல்லாம் உழைத்துவிட்டு, சாயங்காலம் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, பிறகு மணல் மூட்டையில் குத்து. முப்பத்தைந்து வயதில் குத்துச்சண்டைக்காரருக்குக் கால் தளர்ந்துவிடும். அதன் பிறகு அவர் வாத்தியார். 2021ல் வந்த பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' படத்தில் பசுபதி நடித்த ரங்கன் வாத்தியாரைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 1980ல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி ஆடியபோது, நம் பக்கத்து டீக்கடைகளில் வேறு பேச்சே கிடையாது.

ஆனால் நான் அறிந்த வாத்தியார் எவரும் அந்த வேலையில் குடும்பம் நடத்தவில்லை. மரியாதை உண்டு, மாலை உண்டு, தீபாவளிக்கு வேட்டி உண்டு. அரசாங்க குமாஸ்தாவாக எத்தனையோ மனுக்களைப் பார்த்திருக்கிறேன். பேட்டையே 'வாத்தியாரே' என்று கும்பிடும் மனிதர், 'தொழில்' என்ற இடத்தில் 'ஹார்பர் கூலி' என்றுதான் எழுதித் தருவார்.

பிறகு அந்தக் கூலி வேலையும் சுருங்கியது. 1983ல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் திறந்தார்கள். ஒரு கூட்டமே நாள் முழுக்க முதுகில் இறக்கிய சரக்கைக் கிரேன் சில நிமிடத்தில் தூக்கி வைத்தது. 1996ல் பெரம்பூர் பின்னி மில் மூடியது. உடம்பை நம்பிப் பிழைத்தவர்களிடம் கடைசியில் மிஞ்சியது அந்த உடம்புதான்.

உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பதையே பிழைப்பாக்கிக்கொண்ட பெரிய உதாரணம் ஒன்று உண்டு. ஆனால் அவர் குத்துச்சண்டைக்காரர் அல்ல, யோகாசிரியர் டி. கிருஷ்ணமாச்சார்யா. 1888ல் பிறந்தவர், பெரும் சாஸ்திரப் படிப்பு படித்தவர். யோகம் சொல்லிக்கொடுத்துச் சாப்பிட முடியாமல் 1920களில் ஹாசன் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தார். அத்தனை படித்த மனிதர் தோட்டத்தில் ஆள் மேய்த்தார் என்பதை முதலில் படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு மைசூர் மகாராஜாவின் பார்வை அவர்மேல் விழுந்தது. 1933ல் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை தொடங்கியபோது அவருக்கு நாற்பத்தைந்து வயது. பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ், ரஷ்யப் பெண்மணி இந்திரா தேவி எல்லாரும் அவரிடம் கற்றவர்கள். 1950ல் யோகசாலை மூடப்பட்டது. 1952ல், அறுபதைத் தாண்டிய பிறகு, சென்னைக்கு வந்து மறுபடியும் தொடங்கினார். 1989 வரை, நூறு வயது வாழ்ந்தார். அவர் மகன் தேசிகாச்சாரும் என்ஜினீயர் வேலையை விட்டுவிட்டு யோகம் கற்றுக்கொடுக்க வந்தவரே.

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் இன்னொருவரையும் சொல்லிவிடுகிறேன். ஜார்ஜ் எபேர் என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி. 1902ல் மர்த்தினிக் தீவில் எரிமலை வெடித்து சேன் பியேர் நகரமே அழிந்தபோது மீட்பு வேலையில் இருந்தவர். பிறகு உடற்பயிற்சியையே வாழ்க்கையாக்கிக்கொண்டார். பிறருக்கு உதவத்தான் உடம்பில் பலம் வேண்டும் என்பது அவர் கொள்கை. புதுச்சேரியில் எங்களைக் கயிறு ஏறச் சொல்லியும் மரக்கட்டை மேல் நடக்கச் சொல்லியும் வாட்டிய உடற்பயிற்சி ஆசிரியருக்கு அவர்தான் தெய்வம்.

இப்போதைய நம் பேட்டை பயிற்சியாளர்களுக்கு மகாராஜா இல்லை. சர்க்கரை, முழங்கால் வலி என்று வருகிற ஐம்பது வயதுக்காரர், இருபத்தைந்து வயதுப் பையனைவிட இவர்களிடம்தான் தயங்காமல் பேசுகிறார். அது இவர்களுக்குச் சாதகம். ஆனால் பழைய கம்பெனியில் பி.எஃப். இருந்தது, இ.எஸ்.ஐ. இருந்தது. இங்கே பெரும்பாலும் இரண்டும் கிடையாது. ஒரு மாதம் முதுகு பிடித்துக்கொண்டால் அந்த மாத வருமானம் போயிற்று. அதனால் இந்த வேலைக்கு வர நினைக்கும் தம்பிகள் என்னிடம் கேட்டால், வி.ஆர்.எஸ். பணத்தை முழுக்க ஜிம் சாமான்களில் போடாதே, பாதியைத் தபால் ஆபீசில் போடு என்றுதான் சொல்கிறேன். சிலர் கேட்கிறார்கள், சிலர் டிரெட்மில் வாங்கிவிடுகிறார்கள்.