648 போதிகைகளும் ஒரு தோட்டமும்

விக்டோரியா ஸ்ட்ரீட் கன்னியர் மடத்தை 1990 அக்டோபர் 26 அன்று சிங்கப்பூர் அரசு தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது என்று பல நூல்களில் எழுதியிருக்கிறது. அறிவிப்பைத் தேடி எடுத்துப் பார்த்தால் அதில் இருப்பவை இரண்டு பெயர்கள்: கால்டுவெல் இல்லம், சிற்றாலயம். ஏறக்குறைய 130 ஆண்டு ‘டவுன் கான்வென்ட்’ என்று ஊரார் அழைத்த இடமோ இந்த இரண்டு கட்டடங்களைவிட மிகப் பெரியது. வகுப்பறை, விடுதி, அனாதை இல்லம், தையற்கூடம், நீண்ட நடைக்கூடங்கள், அவற்றுக்கு நடுவே திறந்த முற்றங்கள், மரங்கள் என்று மதிலுக்குள் ஒரு சிற்றூரே இருந்தது. சட்டம் இரண்டு கட்டடங்களைக் காப்பாற்றியது. அவற்றுக்கு இடையில் கிடந்த மண்ணுக்கு என்ன நேர்ந்தது என்ற கேள்வியோடுதான் ஆவணங்களுக்குள் போனேன்.

இன்று அந்த வளாகத்தின் பெயர் சைம்ஸ். உணவகங்களும் திருமண மண்டபமும் அங்கே இயங்குகின்றன. அதே தெருவில் சற்றுத் தள்ளி தேசிய நூலகம் இருக்கிறது. மேல்மாடிகளில் உள்ள லீ கொங் சியான் ஆய்வு நூலகத்தில் பழைய வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி நடந்தால், அந்த வரைபடம் காட்டும் மண்ணிலேயே போய் நிற்கலாம். ஆராய்ச்சி செய்பவருக்கு இப்படி ஒரு வசதி எல்லா ஊரிலும் வாய்க்காது.

முதல் தடயம் 1836ஆம் ஆண்டு நகர வரைபடம். அளந்தவர் ஜார்ஜ் ட்ரம்கூல் கோல்மன். அயர்லாந்தின் ட்ரொகெடா ஊர்க்காரர், கட்டடக் கலைஞர், 1833 முதல் சிங்கப்பூரின் பொதுப்பணிக் கண்காணிப்பாளர். கால்டுவெல் இல்லத்தைக் கட்டியவரும் அவரே. ஆனால் அவருடைய வரைபடத்தில் அந்த வீடு கிடையாது, ஏனென்றால் வீடு எழுந்தது 1840–41இல். எச்.சி. கால்டுவெல் என்ற நீதிமன்றத் தலைமை எழுத்தருக்காகக் கட்டியது. 1841இலேயே கோல்மன் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பினார், 1843இல் திரும்பி வந்தார், அடுத்த மார்ச்சில் இறந்தார். ஆக, முதல் முறை ஊரை விட்டுப் போவதற்குச் சற்று முன் அவர் முடித்துக் கொடுத்த வீடு இது. ஆர்மீனியத் தேவாலயத்தையும், பின்னாளில் நாடாளுமன்றமான மாளிகையையும் கட்டிய கை, ஓர் எழுத்தரின் வீட்டுக்கும் அதே அக்கறையைக் கொடுத்திருக்கிறது.

அந்த அக்கறை எங்கே தெரிகிறது என்றால், முகப்பில் அரைவட்டமாக வெளியே தள்ளி நிற்கும் பகுதியில். மேல்மாடியில் அந்த வளைவு ஓர் அறையாகிறது. வரிசையாகச் சன்னல்கள் இருப்பதால் எந்த நேரமும் ஏதாவது ஒரு பக்கம் வெளிச்சமும் காற்றும் கிடைக்கும். பின்னாளில் சகோதரிகள் தைப்பதற்கும் படிப்பதற்கும் ஓய்வாக உட்கார்ந்து பேசுவதற்கும் இந்த அறையைத்தான் வைத்துக்கொண்டார்கள். ஊசியில் நூல் கோத்துப் பார்த்தவர்களுக்கு அதன் காரணத்தை யாரும் சொல்லத் தேவையில்லை.

இந்த இடத்தில் தமிழ் ஆய்வாளருக்கு ஓர் ஆசை எட்டிப் பார்க்கும். கோல்மன் தன் காலத்தில் சாலை போட்டதும் கடலோரத்தைத் தூர்த்ததும் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பில். வங்காளம், பம்பாய் மாகாணங்களோடு சென்னை மாகாணத்திலிருந்தும் அவர்கள் வந்தார்கள். அவர்களை அடைத்து வைத்த சிறை 1841 முதல் பிராஸ் பசாவில், மடத்துக்கு நடைதூரத்தில் எழுந்தது. பின்னர் புனித அந்திரேயர் பேராலயத்தைக் கட்டியபோது சென்னைச் சுண்ணாம்பு பூசியதை, கைதிகளைக் கண்காணித்த அதிகாரி மக்நேர் 1899இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். முட்டை வெள்ளைக்கருவையும் நாட்டுச் சர்க்கரையையும் அடித்து, சுண்ணாம்போடு கலந்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரை விட்டுக் குழைத்துப் பூசி, காய்ந்ததும் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்பு தெரியும். கால்டுவெல் இல்லத்துச் சுவரையும் அதே கைகள் பூசின என்று எழுதிவிட மனம் துடிக்கிறது. ஆனால் மக்நேர் சொல்வது பேராலயத்தைப் பற்றி. ஒரு கட்டடத்துச் சான்றைப் பக்கத்துக் கட்டடத்தின் மேல் ஏற்றி எழுதினால், அதையே அடுத்த ஆய்வாளர் மேற்கோளாக எடுப்பார். அந்தச் சங்கிலியை நான் தொடங்க விரும்பவில்லை.

இரண்டாவது தடயம் ஒரு கால இடைவெளி. வீடு கைமாறியது 1852இல். வாங்கியவர் ழான்-மரி பொரெல், பாரிஸ் வெளிநாட்டு மறைப்பணிச் சபையின் குரு, நல்லாயன் பேராலயத்தைக் கட்டியவர். பெண்கள் பள்ளிக்கு நிலம் தரும்படி அரசிடம் கேட்டுக் கிடைக்காததால், 4,000 பிராங்குக்கு இந்த வீட்டை வாங்கினார். ஆனால் சகோதரிகள் சிங்கப்பூரில் கால்வைத்தது 1854 பிப்ரவரியில். பணம் கொடுத்து வாங்கிய வீட்டில் குடியேற ஏன் அவ்வளவு தாமதம்?

விடையைத் தேடினால் பினாங்கும் கடலும் வருகின்றன. அந்தச் சகோதரிகள் சார்ந்த குழந்தை இயேசு சபையின் முதல் குழு ஐரோப்பாவிலிருந்து புறப்பட்டது 1851 டிசம்பரில். குழுவின் தலைவி கடற்பயணத்திலேயே இறந்துபோனார். மிஞ்சியவர்களோடு பணியைத் தொடங்க முடியாமல் போக, மத்தில்து ராக்லோ தலைமையில் இன்னொரு குழு 1852 அக்டோபரில் பினாங்குக்கு வந்து சேர்ந்தது. அங்கே பள்ளியை நிலைநிறுத்திவிட்டுத்தான் அவர் சிங்கப்பூருக்குக் கப்பலேறினார். விக்டோரியா ஸ்ட்ரீட் வீடு காத்திருந்த அந்த மாதங்களுக்குப் பின்னால் ஒரு மரணமும், நாற்பது வயதை நெருங்கிய ஒரு பெண்ணின் பிடிவாதமும் இருக்கின்றன. வந்து பத்தே நாளில் வகுப்புகள் தொடங்கின, கட்டணம் செலுத்தும் மாணவியருக்கு ஒன்று, அனாதைகளுக்கு ஒன்று. மத்தில்து 1872இல் ஜப்பானுக்கும் போனார். 1911இல் யோகஹாமாவில் இறந்தபோது அவருக்கு வயது 96. அரசாங்கக் கடிதங்கள் பொரெலைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. இந்த அம்மையாரின் பெயருக்கு அதில் பாதி இடம்கூட இல்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

பொரெல் ஒரு வீட்டோடு நிற்கவில்லை. அக்கம்பக்கத்து மனைகளையும் ஒவ்வொன்றாக வாங்கினார். 1860 வாக்கில் ஒன்பது மனைகளும் மடத்தின் வசமாயின. எனக்கு முக்கியமாகப் பட்டது இந்த மனைக் கணக்கு. ஒரே கையால், ஒரே நேரத்தில் திட்டமிட்டு எழுந்த வளாகம் அல்ல இது. மனை சேரச் சேர ஒரு கட்டடம் ஏறியது, ஏறிய ஒவ்வொன்றும் உள்ளே ஒரு வெட்டவெளியைச் சுற்றி வளைத்தது. தெருவுக்கு முதுகும் முற்றத்துக்கு முகமும் காட்டுகிற அமைப்பு அப்படி உருவானதுதான். நம் ஊர் முற்றத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். அடைபட்ட வாழ்க்கை வாழ்ந்த பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வானம் கிடைத்தது அந்த முற்றங்களில்.

மதிலில் ஒரு சிறிய கதவு. விக்டோரியா ஸ்ட்ரீட் பக்கம் இன்றும் அது இருக்கிறது, நம்பிக்கை வாசல் என்கிறார்கள். வறுமையாலோ, பெண் என்பதாலோ, சீனப் பஞ்சாங்கத்தில் புலி ஆண்டில் பிறந்தவள் குடும்பத்துக்கு ஆகாது என்ற நம்பிக்கையாலோ பெற்றவர்கள் கைவிட்ட குழந்தைகளை அங்கே வைத்துவிட்டுப் போவார்கள். சகோதரிகள் எடுத்து வளர்த்தார்கள், எழுத்தும் தையலும் பூவேலையும் கற்றுக் கொடுத்தார்கள். அந்தக் கதவைப் படமெடுப்பவர்கள் அதிகம். கதவுக்கு உள்ளே அந்தக் குழந்தை எங்கே தவழ்ந்தது, எந்த மரத்தடியில் விளையாடியது என்று கேட்பவர்கள் குறைவு.

மூன்றாவது தடயம் சிற்றாலயத்தின் தூண்களில் கிடைத்தது. பழைய சிற்றாலயம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாழடைந்துபோக, புதியதை வடிவமைக்கும் பொறுப்பு சார்ல்ஸ் பெனடிக்ட் நேன் என்ற குருவிடம் வந்தது. புனித பேதுரு பவுல் ஆலயத்தில் பணியாற்றியவர். பிராஸ் பசா சாலையில் புனித சூசையப்பர் பள்ளிக்கு அணைக்கும் கைகளைப் போல வளைந்த இரண்டு பக்கச் சிறகுகளைக் கொடுத்தவரும் அவரே. 1901இல் தொடங்கிய சிற்றாலய வேலை 1904இல் முடிந்து, ஜூன் 11 அன்று அர்ச்சிக்கப்பட்டது. கோதிக் பாணி, ஐந்தடுக்குக் கோபுரம், பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரத்து ஜூல் டொப்லேர் செய்த வண்ணக் கண்ணாடிகள். கையேடுகள் எல்லாமே கோபுரத்தையும் கண்ணாடியையும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன.

நான் நின்றது போதிகைகளின், அதாவது தூண்களின் தலைப்பகுதிகளின், அடியில். சிற்றாலயத்திலும் அதை ஒட்டிய நடைக்கூடங்களிலும் 648 போதிகைகள். அத்தனையிலும் வெப்ப மண்டலத்துச் செடிகொடிகளும் பறவைகளும். ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இல்லை. ஒரே அச்சில் வார்த்து வரிசையாக வைத்துவிட்டுப் போயிருக்கலாம், வேலையும் சீக்கிரம் முடிந்திருக்கும். அப்படிச் செய்யவில்லை. கழுத்தை அண்ணாந்து ஒரு தூணைப் பார்த்தால் இலையின் நரம்பு தெரிகிறது, அடுத்த தூணுக்கு நகர்ந்தால் விளிம்பு வேறு மாதிரி மடிகிறது. பிரெஞ்சுக் குரு ஒருவர் ஐரோப்பிய வடிவத்தில் எழுப்பிய ஆலயத்தின் தூண்கள் இந்த மண்ணின் செடிகளைத் தலையில் தாங்கியிருக்கின்றன. மடத்துத் தோட்டத்தைப் பற்றி ஆவணம் தேடி அலைந்த எனக்கு, தோட்டத்தில் கண்ணை வைத்திருந்த ஒரு காலத்தின் சான்று தலைக்கு மேலேயே இருந்தது.

போர்க்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜப்பானிய ஆட்சியில் பள்ளியின் பெயர் விக்டோரியா ஸ்ட்ரீட் பெண்கள் பள்ளி ஆனது. போர் முடிந்ததும் பழைய பெயரும் பழைய வழக்கமும் திரும்பின.

பள்ளி 1983இல் தோ பாயோவுக்கு இடம்பெயர்ந்தது. அந்த ஆண்டு நவம்பர் 3 அன்று சிற்றாலயம் அர்ச்சிப்பு நீக்கம் பெற்றது. வளாகம் 1996இல் புதிய பெயரோடு திறந்தது. சீரமைப்பில் பிரெஞ்சு மரபுக் கட்டடக் கலைஞர் திதியே ரெப்பெலான் பங்கேற்றார், 2002இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது. சுவர், கண்ணாடி, போதிகை ஆகியவற்றில் செய்திருக்கும் வேலை உண்மையிலேயே உயர்ந்தது, விருதுக்குத் தகுதியானது. அதே வேலையில்தான் நிலமட்டத்துக்குக் கீழே முற்றம் வெட்டி, கடைகளுக்கும் உணவகங்களுக்கும் இடம் செய்தார்கள். பிள்ளைகள் ஓடிய மட்டம் அங்கே இல்லை. மண்ணை அள்ளியபின் அதைச் சீரமைக்க எந்த நிபுணராலும் முடியாது.

இதை யார் மேலும் குற்றமாகச் சொல்லவில்லை. நகரின் நடுவே, நிலத்துக்குப் பொன்விலை உள்ள ஊரில், வளாகம் முழுவதும் இடிபட்டுப் போகாமல் நின்றதே பெரிய காரியம். ஆனால் மரபுச் சின்னம் என்று பட்டியல் போடும்போது கட்டடத்தின் பெயரை மட்டும் எழுதும் பழக்கம் கன்னியர் மடம் போன்ற இடங்களுக்குப் பொருந்தாது. அங்கே வெட்டவெளிதான் கட்டடங்களைச் சேர்த்துப் பிடித்தது. பினாங்கிலும் மலாக்காவிலும் கோலாலம்பூரிலும் இதே சபை எழுப்பிய பள்ளிகள் இருக்கின்றன. அவற்றின் முற்றம், மரம், கிணறு, நடைபாதை, மதில் ஆகியவற்றைக் கட்டட வரைபடத்துக்குச் சமமான அக்கறையோடு இப்போதே அளந்து வைக்க வேண்டும்.

விக்டோரியா ஸ்ட்ரீட்டில் மிச்சமிருக்கும் வேலை இரண்டு. ஒன்று, 648 போதிகைகளையும் எண்ணிட்டுப் படமெடுத்து, தாவரவியல் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செடியின் பெயரைக் குறிப்பது. மற்றொன்று அவசரமானது. 1983க்கு முன் அங்கே படித்தவர்களில் இளையவர்களே ஐம்பதை ஒட்டிய வயதில் இருக்கிறார்கள். கேனிங் ரைஸில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகம் வாய்மொழி வரலாற்றைப் பல மொழிகளில் பதிவு செய்துவருகிறது, தமிழிலும் செய்கிறது. அந்தப் பள்ளியில் படித்த தமிழ்ப் பெண்மணி யாராவது இதைப் படித்தால், அம்மா, உங்கள் வகுப்புப் படத்தின் பின்னணியில் தெரியும் மரத்தையும் தரையையும் ஒரு முறை உற்றுப் பாருங்கள். படம் எடுத்த ஆண்டையும், மரம் எந்தப் பக்கம் நின்றது என்பதையும் பின்பக்கம் எழுதி, காப்பகத்துக்கு ஒரு நகல் அனுப்புங்கள்.