டெக்குச் சீட்டு

எங்கள் காரைக்குடிப் பக்கத்தில் 'கொண்டுவிக்கப் போகிறான்' என்றால், பையன் பிழைப்புக்காக அக்கரை போகிறான் என்று பொருள். முதலாளிக்குக் கப்பலில் அறை. பெட்டியடிப் பையனுக்கு டெக்குச் சீட்டு. அதாவது, இரும்புத் தளத்தில் சொந்தப் பாயை விரித்துக்கொள்ளும் உரிமை!

1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிற்று. ஆரம்பத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக்குப் பிரயாணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. மந்தை என்றுதான் சொல்ல வேண்டும். வாந்தியும் எந்திரச் சூடும் வேறு. ஆனாலும் காலை நீட்டிப் படுக்கலாம். ஊர்க்காரர் அகப்பட்டால் வீட்டிலிருந்து கட்டிக் கொடுத்த சீப்புச்சீடையைப் பங்கு போட்டுக் கதை பேசலாம்.

1958-இல் அட்லாண்டிக் விமானங்களில் 'எகானமி' வகுப்பு வந்தது. சீமான்களின் வாகனத்தில் குமாஸ்தாவும் ஏறினான். நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. இன்று திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குச் சுமார் நாலு மணி நேரம், முழங்கால் பொறுத்துக்கொள்ளும். அமெரிக்காவுக்குப் போகிற பேரப் பிள்ளைகளோ, பதினைந்து மணி நேரத்தை ஏறத்தாழ 31 அங்குல இடைவெளியில் கழிக்கிறார்கள். சாப்பாடும் சினிமாவும் உண்டு. முன்னால் இருப்பவர் நாற்காலியைச் சாய்த்தால் தட்டு மார்பில் இடிக்கும். கூடுதலாக நாலு அங்குலம் வேண்டுமென்றால், அதற்குத் தனிக் கட்டணம்.